ஓவியத்தையும் அதன் முன் நிற்பவரையும் படமெடுப்பது

கேட்கப்பட்ட கேள்வி இது: "சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்கு முதல்முறையாகக் கேமராவோடு போகப்போகிறேன். அங்கே இருக்கும் ஓவியங்களையும், பார்க்க வந்திருப்பவர்களையும் படமெடுக்கலாமா? எப்படி எடுத்தால் நன்றாக வரும்?"

எடுக்கலாமா என்பதற்குப் பதில் சின்னது. எப்படி என்பதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பெரும்பாலான சமகாலக் கலை அருங்காட்சியகங்கள் தங்கள் நிரந்தரச் சேகரிப்பைச் சொந்தப் பயன்பாட்டுக்குப் படமெடுக்க அனுமதிக்கின்றன. ஃபிளாஷ், டிரைபாட், செல்ஃபி ஸ்டிக் மூன்றுக்கும் அநேகமாக எல்லா இடத்திலும் தடைதான். தற்காலிகக் கண்காட்சிகளின் கதை வேறு. அங்கே தொங்கும் படைப்புகள் பல இடங்களிலிருந்து இரவல் வந்தவை. இரவல் கொடுத்தவர் படமெடுக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தால் அந்த ஒரு ஓவியத்துக்கு மட்டும் தடை இருக்கும். பக்கத்துப் பெயர்ப்பலகையில் குறுக்குக் கோடு போட்ட கேமராவின் படம் சிறியதாக இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அறையில் நிற்கும் காவலரிடம் கேட்டுவிடுங்கள். கேட்டவரை அவர் நினைவில் வைத்துக்கொள்வார். அப்புறம் நீங்கள் ஒரே இடத்தில் அரைமணி நேரம் நின்றாலும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எடுக்க அனுமதி இருப்பதும், எடுத்ததை வெளியிட அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. சமகால ஓவியர்கள் பலர் உயிரோடு இருப்பவர்கள். இறந்தவர்களுக்கும் பதிப்புரிமை பல பத்தாண்டுகள் தொடர்கிறது. ஐரோப்பிய நாடுகளில் அது இறப்புக்குப் பின் 70 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள். நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டதால் அந்த ஓவியத்தை அச்சிட்டு விற்கும் உரிமை வந்துவிடாது. உங்கள் படம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும்வரை யாருக்கும் பிரச்சினை இல்லை. அட்டைப்படம், நாள்காட்டி, விளம்பரம் என்று போனால் உரிமையாளரைக் கேட்டே ஆக வேண்டும்.

சரி, இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம்.

ஓர் ஓவியத்தை நேராக, கூர்மையாக, நிறம் பிசகாமல் எடுத்த படம் அருங்காட்சியகத்திடம் ஏற்கெனவே இருக்கும். நல்ல விளக்குகள் வைத்து, ஓவியத்தைத் தனி அறைக்குக் கொண்டுபோய், தொழில்முறைக் கலைஞர் எடுத்தது அது. கூட்டத்துக்கு நடுவே கையில் பிடித்த கேமராவால் அதை நாம் மிஞ்ச முடியாது, மிஞ்ச வேண்டிய தேவையும் இல்லை. அவர்களிடம் இல்லாத ஒன்றை நாம் எடுக்கலாம். அன்றைக்கு அந்த ஓவியத்தின் முன் யார் நின்றார்கள், எவ்வளவு நெருங்கினார்கள், அவர்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரியதாகத் தெரிந்தது, உங்கள் கண் அதில் எந்த மூலைக்குப் போனது என்பதெல்லாம் எந்தப் பட்டியல் நூலிலும் கிடைக்காது. நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

அதனால் முதல் சுற்றில் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். அறிவுரை மாதிரி ஒலிக்கும் என்று தெரியும், ஆனால் இதற்குப் பின்னால் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் லிண்டா ஹென்கெல் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்குள் நடக்கவிட்டு, சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். முடிவுகள் 2014இல் அச்சில் வந்தன. மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படமெடுத்த பொருள்களைவிடப் பார்த்த பொருள்களே அவர்கள் நினைவில் நன்றாக இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் கையைக் கழுவிவிடுகிறது போலும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, எனக்கு அதுதான் முக்கியம். பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு இந்த மறதி ஏற்படவில்லை. அவர்கள் எடுக்காமல் விட்ட பகுதிகள்கூட நினைவில் இருந்தன. எந்தப் பகுதி என்று முடிவு செய்வதற்கே கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறதே, காரணம் அதுவாக இருக்கலாம்.

எவ்வளவு நேரம் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. அதன்படி ஒரு படைப்பின் முன் மக்கள் நின்ற சராசரி நேரம் 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள், அதற்குள் பெயர்ப்பலகையைப் படித்ததும் அடக்கம். நீங்கள் ஐந்து நிமிடம் நின்றால் போதும், அந்த அறையில் அநேகமாக யாரையும்விட அதிகமாகப் பார்த்தவர் ஆகிவிடுவீர்கள். முதல் சுற்றில் நாலைந்து ஓவியங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அவற்றுக்காக மட்டும் திரும்பி வாருங்கள். நூறு படம் எடுத்த நாளில் நான் ஒன்றும் கொண்டுவந்ததில்லை.

இப்போது ஓவியத்தை எடுப்பது. முதல் சிக்கல் வெளிச்சம். எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான் வெளிச்சம் தருவார்கள். காகிதத்தில் வரைந்தவை, நீர்வண்ணம், பழைய புகைப்படங்கள் என்றால் சுமார் 50 லக்ஸ். கண் பழகிவிடுவதால் நமக்கு அது இருட்டாகத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 200 லக்ஸ் அறையில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு) 1600, துளை (லென்ஸ் திறக்கும் அளவு) எஃப் 4, ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்) 1/80 நொடி என்பது ஏறக்குறைய சரியாக இருக்கும். 50 லக்ஸ் அறையில் ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றி, துளையை எஃப் 2.8க்குத் திறந்தால்தான் அதே ஷட்டர் கிடைக்கும். படத்தில் கொஞ்சம் மணல் மணலாகப் புள்ளி வந்தால் வரட்டும், கை நடுங்கிய படத்தைவிட அது எவ்வளவோ மேல். ஃபிளாஷை மறந்துவிடுங்கள். ஒரு மின்னலில் ஓவியம் வெளுத்துவிடும் என்பதைவிட, பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் கூசி அவர் பார்வை கலைந்துவிடும் என்பதே பெரிய காரணம். தவிர, ஃபிளாஷ் வெளிச்சம் பளபளப்பான வண்ணத்தில் வெள்ளைத் திட்டாகத்தான் விழும்.

நிறம் இரண்டாவது சிக்கல். வெள்ளைச் சுவர் நிறைந்த அறையைப் பார்த்ததும் கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து எல்லாவற்றையும் மங்கலாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படம் வாங்கும் வெளிச்சத்தை, ஒரு படி கூட்டுங்கள். கறுப்பு ஓவியத்தில் இதற்கு நேர்மாறு. அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட்டின் கறுப்பு ஓவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடிச் சதுரம், முதல் பார்வைக்கு வெறும் கறுப்பு. நின்று பார்த்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தக் கறுப்பு பிரிய ஆரம்பிக்கும். ஒரு கட்டம் லேசாகச் சிவப்பு கலந்தது, இன்னொன்று நீலம், இன்னொன்று பச்சை. தானியங்கி முறையில் விட்டால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒன்றரை, இரண்டு படி குறைத்து எடுத்தால் கறுப்பு கறுப்பாக வரும், ஆனால் கட்டங்கள் மறைந்துபோகும். கண் மூன்று நிமிடம் காத்திருந்து வாங்கியதைக் கேமரா ஒரு நொடியில் வாங்காது. பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைனின் நீலமும் அப்படித்தான். அந்த நிறப்பொடியின் ஆழம் திரையில் காட்டக்கூடிய நீலத்துக்கு அப்பால் இருக்கிறது. இத்தகைய ஓவியங்களின் முன் நிற்கும் மனிதரைச் சேர்த்து எடுப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. நிறம் தப்பிப்போனாலும் அது அவரை என்ன செய்கிறது என்பது படத்தில் தெரியும்.

வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பைத் தானியங்கியில் விடாதீர்கள். பெரிய சிவப்பு ஓவியத்தைக் கண்டால் கேமரா அதைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு நீலம் கலக்கும். அதே விளக்கு விழும் வெள்ளைச் சுவரை வைத்து ஒரு முறை அளந்து நிலைநிறுத்திக்கொண்டால் அந்த அறை முழுவதற்கும் போதும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் பிறகும் திருத்தலாம்.

அப்புறம் பட்டைகள். கேமராவைச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தால் அமைதியான அறையில் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் சில எல்.இ.டி., குழல் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும், அந்தத் துடிப்பு படத்தில் கிடைக்கோட்டுப் பட்டைகளாக விழும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/125. பெரும்பாலும் அடங்கிவிடும்.

கோணத்துக்கு ஒரு பழக்கம் போதும். லென்ஸின் மையம் ஓவியத்தின் மையத்துக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம் என்பதால், உயரமானவர்கள் கொஞ்சம் முழங்கால் மடக்க வேண்டியிருக்கும். செல்பேசியில் எடுப்பவர்கள் அகலக்கோண லென்ஸை விட்டுவிட்டு இரண்டு மடங்கு லென்ஸுக்கு மாறிப் பின்னால் தள்ளி நில்லுங்கள். அகலக்கோணத்தில் சட்டம் சாய்ந்துபோகும், ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுத் தெரிவார்.

கண்ணாடி போட்ட ஓவியங்களில் நம் உருவமே வந்து நிற்கும். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி இதைத் தீர்க்கும் என்று சொல்வார்கள். பக்கவாட்டிலிருந்து விழும் பிரதிபலிப்பை அது குறைக்கும், உண்மைதான். நேர் எதிரே நிற்கும் உங்கள் பிம்பத்தை அது ஒன்றும் செய்யாது. அதற்கு அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு போவதுதான் வழி.

பகுதிகளை எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை பெரிய சாம்பல்நிற ஓவியம் ஒன்றின் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு பெரியவர் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓவியத்தின் முன்னால் நிற்காமல் அதன் பக்கவாட்டுக்குப் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரை ஒட்டிய அந்த இரண்டு அங்குல விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு நானும் போய்ப் பார்த்தேன். முன்பக்கத்தில் எல்லாம் சாம்பல். விளிம்பிலோ முதலில் பூசிய ஆரஞ்சு, அதன்மேல் வழிந்த பச்சை, பிறகு வெள்ளை, கடைசியில் சாம்பல் என்று ஒவ்வொன்றும் சொட்டுச் சொட்டாக வழிந்து காய்ந்திருந்தன. மூடி மறைத்தவை எல்லாம் ஓரத்தில் வரிசையாக இருந்தன. திரும்பி வந்து முன்னால் நின்றபோது அந்தச் சாம்பலுக்குள்ளே ஒரு வெப்பம் தெரிந்தது. அன்று நான் வைத்துக்கொண்ட ஒரே படம் அந்த விளிம்புதான். அன்றிலிருந்து சட்டமில்லாத ஓவியம் எதைப் பார்த்தாலும் முதலில் அதன் பக்கவாட்டுக்குப் போகிறேன்.

இதுபோல, தடித்த வண்ணத்தைப் பக்கவாட்டு வெளிச்சம் தொடும் இடம், கித்தானின் நெசவு தெரியும்படி வண்ணம் மெலிந்த இடம், பென்சில் கோட்டை அழிக்காமல் விட்ட இடம் எல்லாம் அருகில் போனால்தான் கிடைக்கும். ஜெர்மன் ஓவியர் ஆன்செல்ம் கீஃபரின் பெரிய ஓவியங்களில் வைக்கோல், ஈயம் எல்லாம் ஒட்டியிருக்கும். தூரத்திலிருந்து எடுத்தால் அது வெறும் நிலக்காட்சி, ஓரமாக நின்று சாய்கோணத்தில் எடுத்தால் ஒரு வயல். ஆனால் நெருங்கும்போது தரையில் இருக்கும் கோட்டைத் தாண்டாதீர்கள். கேமரா கண்ணில் இருக்கும்போது தூரம் தெரியாது, லென்ஸ் கண்ணைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

பின்னால் நகர்வது அதைவிட ஆபத்து. 2025 ஜூனில் ஃபிளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் ஒருவர், ஓவியத்தில் இருக்கும் இளவரசரைப் போலவே நின்று படமெடுத்துக்கொள்ளப் பின்னால் நகர்ந்தார். கால் தடுக்கிச் சாய்ந்ததில், முந்நூறு ஆண்டுப் பழமையான அந்த ஓவியம் கிழிந்தது. சமகாலக் கலைக்கூடங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் படைப்பு சுவரில் மட்டும் இருக்காது. உங்களுக்குப் பின்னால் தரையில் பரப்பிய கற்களோ, கண்ணில் படாத நூலோ இருக்கலாம். நகர வேண்டுமானால் கேமராவை இறக்கி, திரும்பிப் பார்த்து, நடந்து போங்கள்.

இனி மனிதர்கள். இதை ஒரு தனிக் கலையாகவே செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மானியரான தாமஸ் ஸ்ட்ரூத் 1989 முதல் அருங்காட்சியகங்களில் பெரிய கேமராவோடு நின்று, ஓவியங்களையும் அவற்றின் முன் திரளும் மக்களையும் ஒரே படத்தில் எடுத்தார். சிகாகோ கலைக் கழகத்தில் அவர் 1990இல் எடுத்த ஒரு படத்தில், பிரெஞ்சு ஓவியர் கையில்போட் வரைந்த மழைநாள் பாரிஸ் தெரு ஓவியத்தின் முன் ஒரு பெண் குழந்தை வண்டியோடு நிற்கிறார். ஓவியத்துத் தெரு அப்படியே கூடத்துக்குள் நீண்டு, அவர் அதில் நடந்துபோகப் போகிறவர் போலத் தெரிகிறது. 2004இல் அவர் இன்னொன்று செய்தார். ஃபிளாரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் கூடத்தில் கேமராவைப் பார்வையாளர்கள் பக்கம் திருப்பினார். சிலை படத்தில் இல்லை, அண்ணாந்த முகங்கள் மட்டுமே. ஆனாலும் எதையோ மிகப் பெரியதைப் பார்க்கிறார்கள் என்று தெரிகிறது.

புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட் 1995இல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தில், ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த, மாஹா எனப்படும் சாய்ந்து படுத்திருக்கும் பெண்ணின் இரண்டு ஓவியங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஆடையில்லாத மாஹாவின் முன் ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். ஆடையணிந்த மாஹாவின் முன் ஒரே ஒரு பெண். ஆஸ்திரியக்காரரான ஸ்டெஃபான் டிராஷன் ஓவியத்தோடு உடையோ தலைமுடியோ பொருந்திப்போகும் பார்வையாளர்களைத் தேடி எடுக்கிறார். யாரையும் ஏற்பாடு செய்து நிறுத்துவதில்லை, காத்திருக்கிறார்.

காத்திருப்பதுதான் இதில் பெரும்பங்கு. ஆளைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து, சட்டகத்தை முடிவுசெய்து, எதிரே பெஞ்ச் இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள். பெஞ்சுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. கேமராவை முழங்காலில் ஊன்றிக்கொண்டால் 1/15 நொடியில்கூட எடுக்கலாம். ஓவியம் அசையாமல் இருக்க, நடப்பவர்கள் மட்டும் புகைபோலக் கரைவார்கள். நடப்பவரும் தெளிவாக வேண்டுமானால் 1/125 வேண்டும்.

எல்லோரும் முதுகைத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்து முதுகுகளுக்குப் பிறகு அலுத்துவிடும். முதுகைவிடக் கைகள் அதிகம் பேசும் என்று மெல்லத் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லாமலே அருங்காட்சியகத்தில் மனிதர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். சிலர் ஓவியத்தில் இருக்கும் தூரிகை வீச்சைக் காற்றில் விரலால் வரைந்து பார்ப்பார்கள். சேர்ந்து வந்தவர்கள் அறைக்குள் பிரிந்து, வெவ்வேறு சுவர்களைப் பார்த்து, வாசலில் மறுபடி சேர்வார்கள். அந்தப் பிரிவு ஒரு நல்ல படம். குழந்தைகள் நாம் பார்க்காத கீழ்ப்பகுதியைப் பார்ப்பார்கள். அவர்கள் உயரத்துக்குக் கேமராவை இறக்கிப் பாருங்கள், அதே ஓவியம் மலைபோல ஆகிவிடும்.

தூரமும் ஒரு மொழிதான். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ தன் பெரிய ஓவியங்களைப் பதினெட்டு அங்குலத் தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னவர், அதாவது 45 செ.மீ. தயங்கித் தயங்கி அவ்வளவு கிட்டே போகும் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால், அவருக்கும் நிறத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியே படமாகிவிடும்.

அனுமதி பற்றி என் வழக்கத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாத முதுகு, நிழலுருவம், கூட்டம் என்றால் கேட்காமல் எடுக்கிறேன். முகம் தெரிந்தால், எடுத்த பிறகு போய்க் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுகிறேன். குழந்தையின் முகம் என்றால் பெற்றோரைக் கேட்காமல் ஷட்டரைத் தொடுவதில்லை. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் தன் உருவத்தின் மீது ஒருவருக்குச் சட்டப்படியே உரிமை உண்டு. சட்டம் எப்படி இருந்தாலும், ஓவியத்தின் முன் ஒருவர் அழுதுகொண்டிருந்தால் நான் எடுப்பதில்லை. ஒரு முறை அப்படி ஒருவரைக் கண்டு கேமராவை உயர்த்திவிட்டுப் பிறகு இறக்கிவிட்டேன். எடுத்திருக்கலாமே என்று இன்றுவரை தோன்றவில்லை. காவலர்களையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வேலை நேரத்தில் படத்தில் வருவதை விரும்பாதவர்கள் உண்டு. சரியென்று சொல்பவர்களிடம் எந்த ஓவியத்தோடு நிற்க ஆசை என்று கேளுங்கள். நாள் முழுக்க அந்த அறையில் நிற்பவர்கள் அவர்கள். நாம் யோசிக்காத ஓவியத்தைக் காட்டுவார்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு ஓவியத்தையும் எடுத்த உடனே அதன் பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஓவியர், தலைப்பு, ஆண்டு, எதனால் செய்தது, சேகரிப்பு எல்லாம் அதில் இருக்கும். எங்காவது வெளியிட நினைத்தால் யாரைக் கேட்பது என்று தேட அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அளவும் இருந்தால் நல்லது. ஆறு மாதம் கழித்துக் கணினியில் திறக்கும்போது இரண்டடி ஓவியமும் இருபதடி ஓவியமும் ஒரே அகலத்தில்தான் இருக்கும். பெயர்ப்பலகையில் அளவு போடாத இடங்களில், முன்னால் யாராவது வந்து நிற்கும்வரை காத்திருந்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.